வணக்கம், விவரம், வழியனுப்பு

அலுவலகத்தில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. கேன்டீனில் தேநீர் ஊற்றுகிறவர் முதல் கம்பெனித் தலைவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் அவள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது ஆளுங்கட்சியிடம்தான்.

பெரிய மருந்துக் கம்பெனி அது. முதலீட்டாளர் தொடர்புத் துறையில் அவளுக்கு வேலை. ஆண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டம் வரும். அதற்கு முந்தைய வாரம் ஒத்திகை. தலைவர் மேடையில் நிற்க, காலி நாற்காலிகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டு, அன்றைக்கு எழக்கூடிய கேள்விகளையெல்லாம் எழுப்பக்கூடிய ஆட்களின் குரலிலேயே கேட்பாள். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு லாபப்பங்கு ஏன் குறைந்தது என்பாள். கணவர் விட்டுப்போன பங்குகளோடு வருகிற அம்மாள் மாதிரி, முதலில் தலைவரின் உடல்நலத்தை விசாரித்துவிட்டு அப்புறம் அவர் சம்பளத்தை விசாரிப்பாள். பெரிய முதலீட்டு நிறுவனத்து இளைஞன் மாதிரி, கேள்வியே இல்லாத ஒரு கேள்வியை நீட்டி முழக்குவாள். தலைவர் சிரித்துவிடுவார். சிரித்து முடித்ததும் அவருக்கு வியர்க்கும். அதற்காகத்தான் ஒத்திகை. இங்கே வியர்த்துவிட்டால் அங்கே வியர்க்காது.

கேள்வி கேட்பது பாதி வேலை. கேட்ட கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுவது மீதிப் பாதி. அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள்; துறை முழுக்க இப்போது அதே முறைதான். வணக்கம், விவரம், வழியனுப்பு. முதல் வாக்கியம் கேட்டவருக்கு மரியாதை. அடுத்து ஒரு விவரம், யாரும் மறுக்க முடியாத உண்மை. கடைசி வாக்கியம் ஆளை நாற்காலிக்குத் திருப்பி அனுப்பிவைக்கும். அது எதையும் மறுக்காது, எதையும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் அதற்கு மேலும் ஒருவர் கேட்டால், கேட்டவருக்குத்தான் நாகரிகம் போதவில்லை என்று சபைக்குத் தோன்றும். வழியனுப்பு எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"நீங்க எழுதினா, வெளியே போன்னு சொல்றதுகூட உள்ளே வாங்கன்னு கேக்குது மேடம்," என்பார் அவளுடைய மேலாளர். அவர் அவளைவிட வயதில் சின்னவர். அதில் அவருக்கு ஒரு கூச்சம். அதை மறைக்க எப்போதும் எதையாவது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த ஆண்டு கூட்டத்தில் ஒரே ஒரு பேச்சுதான். கம்பெனியை இரண்டாகப் பிரிப்பதா, வேண்டாமா.

பிரிக்கச் சொன்னது ஒரு முதலீட்டு நிதி. சந்தையில் சத்தமில்லாமல் பங்குகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் திடீரென்று பெரிய பங்குதாரர்களாக வந்து நின்றார்கள். கம்பெனியில் இரண்டு வகை மருந்துகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். புற்றுநோய்க்கும் ரத்த நோய்களுக்கும் வரப்போகிற புது மருந்துகள் ஒரு வகை; ஆராய்ச்சி கேட்கும், காலம் கேட்கும், ஜெயித்தால் கொட்டிக் கொடுக்கும். மற்றது, காப்புரிமை முடிந்து பல காலமான பழைய மருந்துகள். களிம்பு, இருமல் மருந்து, பூச்சி மாத்திரை, யாரும் விளம்பரம் செய்யாத இன்னும் எத்தனையோ. பழசு கூடவே இருப்பதால் புதுசுக்குச் சந்தையில் உரிய விலை கிடைக்கவில்லை. புதுசு கூடவே இருப்பதால் பழசை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தனித்தனியாக விட்டால் இரண்டும் பிழைக்கும் என்றார்கள்.

எதிர்த்தது ஓர் ஓய்வூதிய நிதி. பழைய மருந்துகளின் அன்றாட வரும்படிதான் புது மருந்து ஆராய்ச்சிக்கு இத்தனை காலமும் சோறு போட்டது என்றார்கள். பிரிக்கும்போது கடனில் பெரும்பகுதி பழைய மருந்துக் கம்பெனியின் தலையில்தான் விழும். கடன் ஏறிய கம்பெனி முதலில் கை வைப்பது லாபமில்லாத மருந்தில்தான் என்றார்கள்.

தலைவர் தொடக்கத்தில் பிரிவினைக்கு எதிராகத்தான் இருந்தார். பிறகு முதலீட்டு நிதியின் ஆட்கள் இருவர் இயக்குநர் குழுவுக்குள் வந்தார்கள். கோடை முடிவதற்குள் தலைவருக்கும் பிரிவினையில் நியாயம் தெரிய ஆரம்பித்துவிட்டது. கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மின்தூக்கியில் யார் வந்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பட்டம் விடத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

அவளுக்கும் இரண்டு பக்கத்து நியாயமும் தெரிந்தது. இருதரப்புக் கேள்விகளையும் மாற்றி மாற்றி எழுதியதில் தன் பக்கம் எது என்பதே மறந்துபோயிருந்தது. பழைய மருந்துக் கம்பெனிக்குப் போகிறவை இன்னின்ன என்று அறிவித்த நாளில்தான் அது நினைவுக்கு வந்தது. அவற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருந்தது. அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலேயே அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அந்த மாத்திரை அவள் தம்பியுடையது.

தம்பி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, அவனுடைய சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் வேலையை நிறுத்திக்கொண்டன. அன்றுமுதல் அவன் உடம்பில் உப்பு தங்காது. உப்பு தங்காவிட்டால் ரத்த அழுத்தம் தங்காது. எழுந்து நின்றால் உலகம் சுற்றும். கவனிக்காமல் விட்டால் ஆளே தங்கமாட்டான். தினம் காலையில் அந்த வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும், மற்றவர்களைப் போல நடக்கலாம், பாடம் நடத்தலாம், சண்டை போடலாம். விலையோ ஒரு கோப்பைத் தேநீரைவிடக் குறைவு. அதுதான் அந்த மருந்துக்குப் பிடித்த சனி. இவ்வளவு சல்லிசான மாத்திரையைச் செய்து கட்டுப்படியாகாமல் மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. கடைசியில் செய்வதற்கு மிஞ்சியது இவளுடைய கம்பெனி ஒன்றுதான்.

"ஊர்ல எல்லாரையும் உப்புச் சப்பில்லாத ஆளுன்னு சொல்றாங்க. நிஜமாவே அப்படி இருக்கறது நான் ஒருத்தன்தான்," என்பான், அவித்த முட்டையின் மேல் உப்பைக் கொட்டிக்கொண்டே.

கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தவள் அவள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவன் அவன். அம்மாவும் அப்பாவும் போனபிறகு மூன்றாவது மாடியில் அந்த இரண்டறை வீட்டில் அக்காவும் தம்பியும்தான். ஊழியர்களுக்குச் சலுகை விலையில் பங்கு கொடுத்த ஒரு வருடம், தம்பியின் பிறந்த நாளுக்கு அவன் பெயரில் பத்துப் பங்கு வாங்கிக் கொடுத்தாள். அதிலிருந்து வீட்டில் அவன் முதலாளி, இவள் கூலிக்காரி. "உங்க கம்பெனி மாத்திரை இன்னிக்குக் கொஞ்சம் கசக்குது. யாரு பொறுப்பு? கூப்பிடு அவரை," என்று அதிகாரம் பண்ணுவான்.

காலையில் மட்டும் அவனிடம் வேடிக்கை கிடையாது. கண் விழித்ததும் எழுந்துவிட மாட்டான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பாதத்தை மட்டும் தரையில் ஊன்றி, சுவரில் ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான். உலகம் நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த பாதம் இறங்கும். சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டே, திறந்த கதவு வழியாக அவள் தினமும் அதைப் பார்ப்பாள். பார்க்கிறாள் என்று அவனுக்கும் தெரியும். இரண்டாவது பாதம் தரையில் பட்ட பிறகுதான் அவள் ரொட்டியைத் திருப்பிப்போடுவாள்.

பிரிவினைச் செய்தி பத்திரிகையில் வந்தபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டாப் பிரிச்சா எனக்கு ரெண்டு கம்பெனியிலயும் பத்துப் பத்துப் பங்கு வருமாமே அக்கா. பணக்காரனாயிடுவேன் போலிருக்கே." மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒத்திகை நாள் வந்தது. வங்கிக்காரராகவும் விதவை அம்மாளாகவும் முதலீட்டு இளைஞனாகவும் மாறி மாறி எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். தலைவர் எல்லாவற்றையும் தாண்டினார். மேலாளர் எழுந்து விளக்கை அணைக்கப் போனார். அப்போது அவள், கையில் இருந்த தாளைப் பார்க்காமல், யாருடைய குரலும் இல்லாத ஒரு குரலில் கேட்டாள்.

"ஐயா, எங்க வீட்டுல ஒருத்தர் உங்க கம்பெனி மாத்திரை ஒண்ணை நம்பித்தான் உயிரோட இருக்கார். அதை வேற யாரும் செய்யறதில்லை. இனிமே அதை எந்தக் கம்பெனி செய்யும்? எத்தனை நாளைக்குச் செய்யும்?"

தலைவர் வாயைத் திறந்தார். முன்னால் இருந்த தாள்களைப் புரட்டினார். "அது வந்து... பழைய மருந்துக் கம்பெனிக்குன்னு தனி நிர்வாகம் வரும். அவங்க பார்த்து..."

"அவங்கன்னா யாருங்க ஐயா? இன்னிக்கு வரைக்கும் நீங்கதானே?"

தலைவர் மறுபடியும் தாள்களைப் புரட்டினார். அவள் கண் நிறைந்துவிட்டது.

மேலாளர் கைதட்டினார். "அடடா! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு பாருங்க சார். இதுக்கெல்லாம் சினிமாவுல தனிச் சம்பளம் குடுப்பாங்க."

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எதிர்க்கட்சி, இந்தக் கேள்வி மட்டும் அன்னிக்கு வந்துச்சுன்னா நான் தொலைஞ்சேன். எனக்கு நிஜமாவே என்ன சொல்றதுன்னு தெரியலை. இதுக்கு ஒரு பதில் எழுதிடுங்க."

நடிப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். தம்பியின் நோய் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிவதை அவன் விரும்பியதில்லை. சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள் மேலாளர் விளக்கை அணைத்துவிட்டார்.

முதலில் அவள் எழுதிய பதிலில் ஒரு வாக்கியம்தான் இருந்தது: இந்த மாத்திரை தொடர்ந்து செய்யப்படும். சட்டத் துறை அதை அன்று மாலையே திருப்பி அனுப்பியது. வரப்போகிற நிர்வாகத்தின் கையைக் கட்டிப்போடும் எந்த உறுதியும் மேடையில் தரக் கூடாதாம். மறுபடி எழுதினாள். அந்த முறை மேலாளர் அவள் மேசையோரம் வந்து நின்றார்.

"சரியாத்தான் இருக்கு மேடம். ஆனா விவரம் காய்ஞ்சு கிடக்கு. ஒத்திகையில நீங்க கேட்டீங்களே, அந்த ஈரம் பதில்லயும் இருக்கணும். மனசைத் தொடற மாதிரி ஏதாவது?"

மனசைத் தொடுகிற மாதிரி அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அதை எழுதினாள்.

'உங்கள் கேள்விக்கு நன்றி. இந்தச் சபையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான். இந்த மாத்திரையை நம்பி வாழ்கிறவர்களை நாங்கள் அறிவோம்: காலையில் கண் விழித்ததும் எழுந்துவிடாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பாதத்தை மட்டும் தரையில் ஊன்றி, உலகம் நிலைக்கு வரும்வரை காத்திருக்கிறவர்கள் அவர்கள். அவர்களை மனதில் வைத்தே புதிய நிர்வாகம் தன் ஒவ்வொரு முடிவையும் எடுக்கும்.'

ஒரு பொய் இல்லை. ஒரு வாக்குறுதியும் இல்லை. படித்துப் பார்த்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்ட அவளால் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் சமாதானம் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் வழிந்தது. கோட்டுப் போட்டவர்கள் முன்வரிசையில். துணிப்பையும் குடையுமாகச் சின்னப் பங்குதாரர்கள் பின்வரிசைகளில். வாசலில் இலவசமாகக் கொடுத்த கைக் களிம்புக்கு ஒரு தள்ளுமுள்ளு நடந்து ஓய்ந்திருந்தது. அவள் இடம் மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மேசை, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன், எதிரே ஒரு திரை. திரையில் மேடை மட்டும் தெரியும்; கேள்வி கேட்கிறவர்கள் தெரிய மாட்டார்கள். குரல் மட்டும் வரும். கேள்வி இன்னதென்று புரிந்த உடனே அவள் அதற்கான பதிலின் எண்ணை அழுத்த வேண்டும். அடுத்த நொடி அது தலைவர் முன்னால் இருக்கும் கண்ணாடியில் எழுத்தாக ஓடும். கேட்டவர் மூச்சு விட்டு முடிப்பதற்குள் பதில் தலைவரிடம் இருக்கும் என்பது துறைக்கே ஒரு பெருமை.

முதலில் ஓய்வூதிய நிதியின் சார்பில் ஓர் அம்மாள் பேசினார். குரல் உயரவே இல்லை. "பழைய மருந்துகளைச் சுமை என்கிறீர்கள். இந்தக் கட்டடத்தின் செங்கல் அவை. செங்கலைத் தனியாக உருவி அடுக்கி வைத்துவிட்டு, வீடு லேசாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்," என்றார். பின்வரிசைகள் தட்டின. பிறகு முதலீட்டு நிதிக்காரர். இளைஞர், காகிதம் இல்லாமல் பேசினார். "அம்மா செங்கல் என்கிறார்கள். அந்தச் செங்கலுக்கு நாம் கடைசியாகப் பூச்சு அடித்தது எப்போது? பழைய ஆலைகளில் ஓட்டை இயந்திரங்கள். ஒரு நாள் இவை தாமாகவே நிற்கும். தனிக் கம்பெனியாக இருந்தால், இந்த மருந்துகளை மட்டுமே நம்பிப் பிழைக்கிற ஒரு நிர்வாகம் வரும். யாருக்கு அக்கறை அதிகம் இருக்கும்? சொல்லுங்கள்." முன்வரிசைகள் தட்டின. இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்றுதான் பின்னறையில் இருந்த அவளுக்கும் பட்டது.

பிறகு கேள்விகள். லாபப்பங்கு. கடன் பங்கீடு. ஆலை ஊழியர்களின் கதி. அவள் விரல் ஒவ்வொன்றுக்கும் தானாக எண்ணைத் தேடிப்போனது. இந்த ஆண்டு பிஸ்கட் ஏன் போன ஆண்டைவிடச் சின்னது என்று ஒருவர் கேட்டதற்குக்கூட எண் இருந்தது.

அப்புறம் ஒரு குரல். மேடைத் தமிழில், நிறுத்தி நிதானமாக, கூடத்தின் எதிரொலியோடு வந்தது. "நான் பத்துப் பங்குக்குச் சொந்தக்காரன். சிரிக்காதீர்கள், பத்தும் பணம் கொடுத்து வாங்கியவைதான்." சபை சிரித்தது. "எனக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் மட்டுமே தயாரிக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் மாத்திரை. இனி அதை எந்தக் கம்பெனி தயாரிக்கும், எத்தனை நாளைக்கு?"

அவள் விரல் எண்ணை அழுத்தியது. கேள்வியை அவளுக்குத் தெரியும். அவள் எழுதிய கேள்வி அது. கேள்வியை அடையாளம் கண்டு, பதிலை அனுப்பிய பிறகுதான் குரலை அடையாளம் கண்டாள். வீட்டில் ஒருநாளும் கேட்டிராத, வகுப்பறைக் குரல். தேர்வு மேற்பார்வை இருக்கிறது, சீக்கிரம் போகணும் என்று சொல்லிவிட்டுக் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவனின் குரல்.

திரையில் தலைவர் கண்ணாடியைப் பார்த்தார். ஒத்திகையில் தடுமாறியவர் இப்போது தடுமாறவில்லை. நிமிர்ந்து, பின்வரிசையை நோக்கி, மெதுவாகப் படித்தார். கட்டில் ஓரம் வந்தபோது அவருக்கே குரல் கம்மியது. 'உலகம் நிலைக்கு வரும்வரை' என்று சொல்லிவிட்டு, எழுதாத இடத்தில் அவராகவே ஒரு கணம் நிறுத்தினார். முடித்ததும் முன்வரிசை, பின்வரிசை என்று பார்க்காமல் மண்டபம் முழுக்கத் தட்டியது. ஓய்வூதிய நிதியின் அம்மாளும் தட்டினாராம்.

அவள் காதில் கையை வைத்து அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அவன் இன்னொன்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவங்கன்னா யாரு என்று கேள், கேளுடா.

"நன்றி," என்றது குரல். "எனக்குப் பதில் கிடைத்துவிட்டது."

பக்கத்தில் நின்ற மேலாளர் அவள் தோளைத் தட்டினார். "மேடம், இன்னிக்கு ஓட்டெடுப்பையே ஜெயிச்சுக் குடுத்துட்டீங்க."

அது மிகை. பெரிய நிதிகளெல்லாம் முந்தைய வாரமே வாக்கைப் போட்டுவிட்டிருந்தன. பிரிவினை வசதியாகவே நிறைவேறியது.

அவள் வெளியே வந்தபோது, மண்டபத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் இலவசக் களிம்பு.

"வாங்க எதிர்க்கட்சி," என்றான். அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஏண்டா சொல்லாம வந்தே?"

"சொல்லியிருந்தா நீ வரவேண்டாம்னு சொல்லியிருப்பே. நீ சொன்னா நான் கேட்டிருப்பேன்." கொஞ்ச நேரம் பேருந்து வருகிற பக்கம் பார்த்தான். "உங்க தலைவர் எங்க வீட்டுக் கட்டில் வரைக்கும் வந்துட்டாரேக்கா. செருப்பைக் கழட்டிட்டு வந்தாரா?"

அவள் அவன் மடியில் இருந்த களிம்பை எடுத்துத் தன் பையில் போட்டாள்.

"நல்லா எழுதியிருந்தே. நானும் கைதட்டினேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க, தட்டாம இருந்தா நல்லா இருக்காதில்ல?"

"நான் முதல்ல வேற மாதிரிதான் எழுதினேன்," என்று ஆரம்பித்தாள்.

"எழுதியிருப்பே," என்றான். "தெரியும்." பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது, ஒரே ஓர் இடம்தான் காலி. அவன் அவளை உட்காரச் சொன்னான். அவள் அவனை உட்காரச் சொன்னாள். கடைசியில் இருவரும் நின்றுகொண்டே போனார்கள்.

மறுநாள் காலையில் அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது.

அடுத்த நாளும். பேச்சு குறையவில்லை, கேலியும் குறையவில்லை. "முதலாளிக்கு இன்னொரு ரொட்டி," என்று சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல அதிகாரம் பண்ணினான். கதவு மட்டும் காலையில் சாத்தியே இருந்தது. கோபம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இருக்காதா பின்னே. அவனுடைய காலை நேரத்தை எடுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வாசித்தாயிற்று. இனி அதைக் காட்டமாட்டான். உள்ளே கட்டில் முனகுவது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. எப்போது ரொட்டியைத் திருப்பிப்போடுவது என்று தெரியாமல் அடிக்கடி தீய்த்தாள்.

கம்பெனி பிரிந்தது. பலகை மாறியது. அவளைப் புது மருந்துக் கம்பெனி எடுத்துக்கொண்டது, பதவி உயர்வோடு. பழைய மருந்துக் கம்பெனி நகரத்தின் அடுத்த கோடியில் ஒரு வாடகைக் கட்டடத்துக்குக் குடிபோனது. மாத்திரை நிற்கவில்லை, மருந்துக் கடையில் எப்போதும்போலக் கிடைத்துக்கொண்டிருந்தது. பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தாள். தம்பி இளைத்துத்தான் தெரிந்தான். தேர்வுத்தாள் வேலை என்றான். மாடிப்படியில் நடுவில் நின்று, கீழ்வீட்டுப் பூனையோடு பேசுகிற சாக்கில் மூச்சு வாங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைத்து மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தட்டாமல் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முக்காலியில் ஒரு பீங்கான் தட்டு, தட்டில் சவர பிளேடு ஒன்று, நடுவில் வெட்டிய வெள்ளை மாத்திரை ஒன்று. ஒரு பாதியைக் கையில் எடுத்திருந்தான். கீழே இழுப்பறை திறந்திருந்தது. அதற்குள் பிரிக்காத மாத்திரை அட்டைகள், ரப்பர் வளையம் போட்டு, கட்டுக்கட்டாக.

"என்னடா இது?"

"ஆட்டுக்கல்லா தெரியுது? மாத்திரை."

"ஏன் பாதியா வெட்டியிருக்கே?"

"மீதிப் பாதி நாளைக்கு."

துணிகளைக் கட்டிலில் போட்டாள். அவன் முகத்தை இத்தனை கிட்டத்தில் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. உதடு வெளிறிக் கிடந்தது. "எப்பலேருந்து?"

"கூட்டத்துக்கு மறுநாள்லேருந்து. முதல் ரெண்டு வாரம் கஷ்டமா இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு. என்ன, எழுந்து நிக்க முன்னைவிடக் கொஞ்சம் நேரமாகுது. நீ பாத்தா ரொட்டி கருகும்னுதான் கதவைச் சாத்தினேன்."

"பைத்தியக்காரா! அவங்க நிறுத்தப்போறோம்னு சொல்லவே இல்லையேடா!"

"நிறுத்தமாட்டோம்னும் சொல்லலையேக்கா." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, கரும்பலகை முன்னால் நிற்கிறவனின் பொறுமை இருந்தது. "ஒரு கணக்கை எடுத்தா, என்ன குடுத்திருக்காங்க, என்ன குடுக்கலைன்னு முதல்ல பாக்கணும். பசங்களுக்கு நான் தினமும் சொல்றது. அன்னிக்கு மண்டபத்துல எல்லாரும் குடுத்ததைக் கேட்டாங்க. நான் குடுக்காததையும் கேட்டேன். நீ எழுதினதாச்சே. ஒரு வார்த்தையையும் நீ சும்மா விடமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் இருந்த மறுபாதியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "முழுசாப் போட்டுக்கோடா. உனக்குப் புண்ணியமாப் போகும். முழுசாப் போட்டுக்கோ."

"போட்டுக்கறேன்," என்றான். "எத்தனை நாளைக்கு வரும்னு மட்டும் சொல்லு. போட்டுக்கறேன்."

கேட்ட மாத்திரத்தில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: உங்கள் கேள்விக்கு நன்றி. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். அடுத்து ஒரு விவரம் வேண்டும். அவளிடம் இல்லை. மூன்றாவது வாக்கியங்கள்தான் எத்தனையோ இருந்தன, ஒன்றைவிட ஒன்று நயமாக.

அவன் இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். வகுப்பில் விடை தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல். பிறகு ஒரு பாதியை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, மறுபாதியைத் தட்டில் வைத்தான்.

சமையலறையிலிருந்து ரொட்டி தீயும் வாடை வந்தது. அவள் எழுந்து போகவில்லை. தம்பி ஒரு பாதத்தைத் தரையில் ஊன்றிச் சுவரைப் பார்த்தான். அவளும் அதே சுவரைப் பார்த்தாள். அங்கே என்னத்தைப் பார்க்கிறான் என்று இத்தனை வருடமும் அவள் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. அடுத்த பாதம் இறங்க வெகுநேரம் ஆயிற்று.